கப்பல் நாய்களுக்கு ஒரு சாக்கு எலும்பு

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழனியாண்டி என்றொரு சமையற்காரர் இருந்தார். துரை பங்களாவில் சமைப்பவரைத் தோட்டத்தில் கோக்கி என்பார்கள். பழனியாண்டி கோக்கியானதற்குக் காரணம் ஒரு பறவை.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷத்தில் அந்தத் தோட்டத்துக்கு மெக்ரே என்று புதுத் துரை ஒருவர் வந்தார். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் கடற்படையில் இருந்தவர். தமிழை அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தார். வந்த மூன்றாம் நாளே பழைய கோக்கி கோபித்துக்கொண்டு போய்விட, பசி பொறுக்காத துரை விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு வந்து, வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

"குக்கு! யார் தெரியும், குக்கு?"

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போகும் கூட்டத்தில் பின்னால் நின்ற பழனியாண்டிக்கு அப்போது இருபது வயதிருக்கும். அவர் காதில் விழுந்தது 'கொக்கு'. முந்தின நாள்தான் ஆற்றோரம் ஒரு கொக்கு நின்றதைப் பார்த்திருந்தார். கையைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியுங்க தொரை! நேத்து சாயங்காலங்கூட பாத்தேன்!"

துரைக்குப் புரிந்தது 'எனக்குத் தெரியும்' என்பது மட்டும். மத்தியானத்துக்குள் பழனியாண்டி பங்களாக் குசினியில், அடுப்புக்கும் ஒரு முழு மாட்டுத் தொடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கத்தியைப் பிடிக்கத் தெரியும், ஏனென்றால் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டுவதுபோலத் தொடையைக் குறுக்கே வெட்டினார். வெந்தும் வேகாமலும் இருந்த அதைத் துரை தின்றார். பசி அப்படி. மறுநாளும் வரச் சொன்னார்.

பிறகு ஆள் தேறிவிட்டார். பத்து வருஷத்தில் பழனியாண்டியின் கோழி ரோஸ்டுக்காகவும் கரமெல் புட்டிங்குக்காகவும் அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார்கள் மழையிலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இங்கிலீசும் கூடவே வளர்ந்தது, ஆனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றியே வளர்ந்தது. சூப்பு, உப்பு, இன்னும் கொஞ்சம், போதும் என்ற எல்லைக்குள் அவரை அசைக்க முடியாது. எல்லை தாண்டிப் பேச்சுப் போனால் பாதியைக் காதால் கேட்பார், மீதியைத் தாமே இட்டு நிரப்புவார். நிரப்பியது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

அவர் மனைவி ராசம்மா மலையில் கொழுந்து பறிப்பவர். வேகமான கை, அதைவிட வேகமான வாய். பங்களாவில் கேட்டதைப் புருஷன் வந்து சொல்லச் சொல்ல, அவர் அரிசி களைந்துகொண்டே குறுக்குக் கேள்வி போடுவார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவில் அடுப்பைச் சுற்றி அதைக் கேட்கவே பக்கத்து வீட்டு ஆட்கள் வந்து உட்காருவதுண்டு.

துரைக்குக் குடும்பம் கிடையாது. பிஸ்கட் என்றொரு டெரியர் நாய்தான் இருந்தது. முயல், காகம், தபால்காரர், பழனியாண்டி இடுப்பில் கட்டிய சாரம் என்று எதைக் கண்டாலும் துரத்தும். ஒன்றையும் பிடித்ததில்லை.

அறுபத்து நாலாம் வருஷம் கொழும்புத் துறைமுகத்துக்கு ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்தது. ஏவுகணை தாங்கிய புது மாதிரி ஃபிரிகேட் கப்பல் என்று பத்திரிகையில் படம் போட்டிருந்தார்கள். பழைய கடற்படைக்காரரான மெக்ரே துரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரையோ பிடித்து, அந்தக் கப்பல் அதிகாரிகள் மூன்று பேரை மலைக் குளிரில் இரண்டு நாள் தங்கிப்போகும்படி அழைத்துவிட்டார். அவர்களில் இளையவர் டானவன் என்ற லெப்டினன்ட், சிவந்த முகமும் ஓயாத சிரிப்புமாக இருந்தார்.

அன்றைய விருந்தில் பழனியாண்டி புட்டிங் தட்டோடு கதவோரம் நின்றார். டானவன் கப்பலைப் பற்றிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அதில் ஒரு சொல் பழனியாண்டிக்கு நன்றாகத் தெரிந்த சொல்.

டெரியர்.

எங்கள் கப்பலில் முன்பக்கமும் டெரியர், பின்பக்கமும் டெரியர் என்றார் டானவன். எதிரி விமானம் வந்தால் டெரியரை அவிழ்த்துவிடுவோம். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவும் திரும்பும். விடாமல் துரத்திப் போய் அடிக்கும். துரை பிஸ்கட்டைக் காலால் தள்ளி, "இதுவும் டெரியர்தான், இது ஒன்றையும் அடிக்காது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பழனியாண்டிக்கு அந்தச் சிரிப்பும் புரிந்தது. இட்டு நிரப்ப வேண்டிய வேலையே இல்லாமல் முழுக் கதையும் அவருக்கு விளங்கிவிட்ட முதல் விருந்து அது.

லயத்துக்கு ஓடாத குறையாகப் போனார்.

"ராசம்மா, கேளு புள்ள. அந்தக் கப்பல் பூராவும் நாயி! நம்ம பிஸ்கட்டு சாதி. ஏரோப்பிளேன் வந்தா ஒரே பாய்ச்சல்!"

"பாய்ஞ்சு?"

"கடிச்சுக் கீழ தள்ளிரும்."

ராசம்மா அரிசிச் சட்டியைக் கீழே வைத்தார். "ஏங்க, ஆகாசத்துல போறத நாயி எப்படிங்க கடிக்கும்?"

"அமெரிக்கா நாயி," என்றார் பழனியாண்டி.

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. அமெரிக்காக்காரன் பால்மாவைத் தகரப் பீப்பாயில் அடைத்து அனுப்புகிறான், ஆகாசத்தில் ஆளை ஏற்றிச் சுற்றவிடுகிறான். நாய்க்குப் பாயக் கற்றுக்கொடுப்பது என்ன பெரிய காரியம்? மறுநாள் பெரட்டுக் களத்தில் அந்த நாய்கள் இருபதாக இருந்தன. பத்தாம் நம்பர் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நூறாகிவிட்டன. கங்காணி மட்டும், அவற்றுக்கு இறக்கை உண்டா என்று ஆளனுப்பிக் கேட்டார்.

ராசம்மாவின் கவலை வேறாக இருந்தது. "அம்புட்டு நாயிக்கும் யாருங்க சோறாக்குவா? நடுக்கடல்ல எலும்புக்கு எங்க போவாக?"

அந்தக் கேள்வி பழனியாண்டியின் மனதில் போய்த் தைத்தது. ஒரு பிஸ்கட்டுக்குச் சோறு போடுவதே அவருக்குப் பெரும்பாடு. முகம் தெரியாத அந்தக் கப்பல் கோக்கியை நினைத்து உண்மையாகவே வருந்தினார்.

விருந்தாளிகள் புறப்படும்போது டானவன் குசினிக்கே வந்து பழனியாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படியொரு புட்டிங்கை வாழ்நாளில் தின்றதில்லை, சனிக்கிழமை கப்பலுக்கு வா, சுற்றிக் காட்டுகிறேன் என்றார். துரை வெள்ளிக்கிழமையே காரில் போவதாக இருந்தார். "நீ ரயில் வா. ஜெட்டி நில்லு. நான் பாக்குறது," என்றார் தம்முடைய தமிழில்.

பழனியாண்டி நேரே டிக்கோயாக் கடைவீதியில் இருந்த ஜமால்தீன் நானாவின் இறைச்சிக் கடைக்குப் போனார். பங்களாவுக்கு இறைச்சி வருவது அங்கிருந்துதான்.

"நானா, ஒரு சாக்கு எலும்பு வேணும். மச்சை உள்ள எலும்பாப் பாத்து."

"பங்களாவுல என்னா விசேஷம் கோக்கியாரே?"

பழனியாண்டி விஷயத்தைச் சொன்னார். ஜமால்தீன் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், நல்ல மாட்டுக் கால் எலும்பாகப் பார்த்து, உப்புத் தடவி, வாழை இலையில் சுற்றிச் சாக்கில் அடுக்கினார்.

"இத நம்ம கடை அன்பளிப்புன்னு சொல்லுங்க. நாயிங்க ருசி கண்டுட்டா, நாள பின்ன கப்பல் இந்தப் பக்கம் வாறப்ப நம்மளத் தேடும்."

அட்டனில் ரயில் ஏறியபோது மலைக்குளிரில் சாக்கு அமைதியாக இருந்தது. வட்டவளை தாண்டிக் கீழே இறங்க இறங்கத் தன் இருப்பை அறிவிக்கத் தொடங்கியது. கம்பளை ஸ்டேஷனில் எதிரே இருந்த சிங்கள அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "மொக்கத மேக்க?" என்று கேட்டார். இது என்ன என்கிறார். கப்பல் நாய்களுக்கு என்று பழனியாண்டி தமக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கியதும், அந்த அம்மா குடும்பத்தோடு அடுத்த பெட்டிக்கு மாறினார். கொழும்பு வரையில் பழனியாண்டி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனார்.

கடலை அவர் அதுவரை பார்த்ததில்லை. துறைமுக ஜெட்டியில் இறங்கிப் பார்த்தார். மறுகரை என்று ஒன்று இல்லாதது அவருக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. அப்புறம் கப்பலைப் பார்த்தார், கடல் மறந்து போயிற்று. தேயிலைப் பெக்டரியைக் கூர்மையாகச் சீவி, சாம்பல் நிறம் அடித்து, தண்ணீரில் மிதக்கவிட்டதுபோல இருந்தது. நாய் குரைக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பழக்கம் பழக்கியிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டார்.

துரையோடு படகில் போய் ஏணியில் ஏறியதும், வெள்ளை உடுப்பில் நின்ற காவல் சிப்பாய் சாக்கைக் காட்டி என்ன அது என்றான். படகில் மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்த துரைக்கும் அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"போன், சார்," என்றார் பழனியாண்டி நிமிர்ந்து நின்று. "ஃபார் டாக்."

"எந்த டாக்?"

"யுவர் ஷிப் டெரியர், சார். ஆல் டெரியர். ஹங்ரி."

சிப்பாய் சாக்கைப் பிரித்தான். வாழை இலையை விலக்கினான். எலும்பைப் பார்த்தான், பழனியாண்டியைப் பார்த்தான், பிறகு ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு தளம் முழுக்கப் பரவிற்று. மேலே கொடிக்கம்பத்தருகே நின்றவன் கீழே கேட்க, கீழே நின்றவன் பதில் சொல்ல, கப்பலே ஒருமுறை குலுங்கியது போல இருந்தது. மெக்ரே துரையின் முகம் பீட்ரூட் கிழங்காகிவிட்டது.

டானவனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்தான். ஆனால் சிரித்து முடித்ததும் பழனியாண்டியின் தோளில் கைபோட்டு முன்தளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய இரும்புப் பீடத்தின் இரு கைகளிலும் இரண்டு வெள்ளை உருளைகள் சாய்வாக நின்றன. பாக்கு மரம் மாதிரி நீளம், வாலில் சிறகுகள், மூக்கு ஊசிபோல.

"இதுதான் டெரியர்," என்றார் டானவன்.

பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சுட்டன. கடலில் குதித்து நீந்தியே டிக்கோயாவுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. நீந்தத் தெரியாது.

டானவன் பொறுமையாக விளக்கினார், துரை தம் தமிழில் பெயர்த்தார். ஆகாய விமானங்களைச் சுமந்துகொண்டு போகும் மகா பெரிய கப்பல்கள் உண்டு. இந்தக் கப்பல் அவற்றுக்குக் காவல். விலகி முன்னால் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே சுற்றும் அந்த வலைத் தட்டுகள்தான் கண். மனிதக் கண்ணுக்கு எட்டாத தூரத்திலேயே எதிரி விமானத்தைக் கண்டுவிடும். உடனே கீழ்க்கிடங்கிலிருந்து இந்த உருளை தானாக மேலே ஏறி வந்து கையில் உட்காரும். கப்பல் ஒரு கதிரை அனுப்பும், கண்ணுக்குத் தெரியாத டார்ச்சு வெளிச்சம் மாதிரி. உருளை அந்தக் கதிரைப் பிடித்துக்கொண்டே பறக்கும். விமானம் திரும்பினால் கதிர் திரும்பும், கதிர் திரும்பினால் உருளையும் திரும்பும்.

"அடிச்சிட்டுத் திரும்பி வந்துருங்களா?" என்று கேட்டார் பழனியாண்டி.

"இல்லை. போனா போச்சு."

"பெரிய கப்பல இது காப்பாத்துது. சரிங்க. இந்தக் கப்பல யாருங்க காப்பாத்துவா?"

துரை அதை டானவனுக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றார். யுத்தத்தில் அவர் இருந்ததும் ஒரு ஃபிரிகேட்தான். அந்தக் காலத்தில் ஏவுகணை கிடையாது; சரக்குக் கப்பல் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நீர்மூழ்கிகளைத் தேடும் காவல்நாய் வேலை.

"நம்ம பக்கத்துல இன்னொரு கப்பல் வந்தது," என்றார் மெல்ல. "என் கூட்டாளி ஜாக் அதுல. ராத்திரி அடிச்சான். நாங்க நிக்க முடியாது பழனியாண்டி. நின்னா பெரிய கப்பலுக்குக் காவல் இல்லை. தண்ணியில ஆள் கூப்பிடுறது. நாங்க போறது."

பதினாறு வருஷம் அந்த மனிதருக்குச் சோறு போட்டவர் பழனியாண்டி. முட்டை எவ்வளவு வேக வேண்டும் என்பது தெரியும். ஜாக் என்ற பேரை அன்றுதான் கேட்டார். "காத்து அடிக்குதுங்க தொரை, தொப்பியப் போட்டுக்கங்க," என்றார். துரை போட்டுக்கொண்டார்.

அதற்குள் கீழேயிருந்து ஒருவர் வந்து அந்த எலும்பு மூட்டை எங்கே என்று விசாரித்தார். ரமோன் என்று பேர். பிலிப்பைன்ஸ்காரர், அதிகாரிகளுக்குச் சமைப்பவர். குள்ளமான ஆள், கறுத்த முடி, நம் லயத்தில் நின்றால் யாரும் அந்நியர் என்று சொல்லமாட்டார்கள். சாக்குக்குள் கையைவிட்டு ஒரு கால் எலும்பை எடுத்து, உள்ளே மச்சைக் கொழுப்பு நிறைந்திருப்பதைப் பார்த்து, தங்கம் கிடைத்தவர்போல நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவர் ஊரில் மாட்டுக் கால் எலும்பைப் போட்டுக் கொதிக்கவைக்கும் ஒரு சூப்பு உண்டாம். கப்பலில் எலும்பில்லாத இறைச்சிதான் பெட்டி பெட்டியாக வருமாம். அந்தச் சூப்பைக் குடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம்.

கப்பல் குசினியைக் கண்டதும் பழனியாண்டிக்கு உயிர் வந்தது. உருளைக்கிழங்குக்குத் தோல் சீவ ஒரு மெஷின், அடுப்பு பூராவும் இரும்பு, விறகு கிடையாது, புகை கிடையாது. ரமோன் எலும்பைக் கழுவிப் பெரிய சட்டியில் ஏற்றினார். இருவருக்கும் இருந்தது சாப்பாட்டு மேசை இங்கிலீசு. அங்கே அதற்குமேல் தேவைப்படவும் இல்லை. மச்சை உருகிச் சூப்பில் மிதந்தபோது பழனியாண்டி ருசி பார்த்தார்.

"குட். பட் நோ கோபம்," என்றார், காரம் இல்லை என்பதற்கு.

மிளகும் சீரகமும் கேட்டு வாங்கி, பூண்டோடு தட்டிப் போட்டு, ஒரு கொதி விட்டார். ரமோன் ஒரு கரண்டி குடித்து, இருமி, கண்ணைத் துடைத்து, இன்னொரு கரண்டி குடித்தார். வாசனைக்குக் கூட்டம் கூடிவிட்டது. ஏணியடியில் சிரித்த சிப்பாயும் கோப்பையோடு வரிசையில் நின்றான். அவன் முறை வந்தபோது பழனியாண்டி, "ஹங்ரி டெரியர்?" என்று கேட்டார். அவன் குரைத்துக் காட்டினான்.

சட்டி காலியானதும் ரமோன் அருகில் உட்கார்ந்து, நீயும் வந்துவிடேன், இந்தக் கப்பலில் சமைக்க நல்ல கை வேண்டும் என்றார், பாதி விளையாட்டாக. "உன் நாடு எது? இந்தியாவா, சிலோனா?"

பழனியாண்டி கரண்டியைத் துடைத்து வைத்தார். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் என்பார்கள், அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. பிறந்தது, வேலை செய்வது, பிள்ளைப்பேறு எல்லாம் இந்த மலையில்; ஆனால் சுதந்திரம் வந்த வருஷமே சட்டம் போட்டு, நீங்கள் இந்நாட்டார் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"டிக்கோயா," என்றார்.

ரமோன் மரியாதையோடு தலையாட்டினார். அது எங்கோ இருக்கும் நல்ல நாடு என்று எண்ணிக்கொண்டார்போலும்.

தோட்டம் திரும்பியபோது ராசம்மாவின் அடுப்பைச் சுற்றி லயமே காத்திருந்தது. பழனியாண்டி மறைக்காமல் உள்ளதைச் சொன்னார். நாய் இல்லை, இரும்புக் குழல். பேர்தான் நாய்ப் பேர். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பறந்து, வளைந்து, திரும்பி, ஏரோப்பிளேனை அடிக்கும்.

கூட்டம் கங்காணியின் முகத்தைப் பார்த்தது.

"கோக்கிக்குக் கடல்காத்து ஒத்துக்கல," என்றார் கங்காணி. "நாயி பாயும்னா நம்பலாம். குழல் தானாத் திரும்புமாக்கும்?"

"கண்ணால பாத்தேங்க!"

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தக் கண்ணால பாத்தீங்களாக்கும்?" என்று கேட்டது ராசம்மா. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பழனியாண்டி எவ்வளவோ விளக்கிப் பார்த்தார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, "சரி, நாயிதான். நூறு நாயி. போய்ப் படுங்க," என்று அனுப்பிவைத்தார். ஜமால்தீன் ஒருவர்தான் அவரைச் சந்தேகிக்கவில்லை. அவர் கேட்டதெல்லாம் எலும்பு நன்றாக இருந்ததா என்பதுதான்.

அந்த வருஷக் கடைசியில் இந்தியா, சிலோன் இரண்டு நாட்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டு, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று தோட்டத்து மக்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. லயத்தில் வாக்குவாதம் ஓயவில்லை. ராசம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "கேக்குறவங்க வந்து கேக்கட்டும். நான் கொழுந்து பறிக்கப் போறேன்."

அடுத்த வருஷம் மெக்ரே துரை வேலையை விட்டுத் தம் ஊருக்குப் புறப்பட்டார். கடைசி விருந்தன்று சாப்பிட்டு முடித்ததும், பழனியாண்டியை மேசையில் எதிரே உட்காரச் சொன்னார். அந்தப் பங்களாவில் அப்படி நடந்ததே இல்லை. இரண்டு கிளாஸ் ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் தள்ளி, "ஜாக்," என்றார்.

பழனியாண்டி குடிக்காத மனிதர். எழுந்து நின்று, கிளாஸை இரண்டு கையாலும் எடுத்து, ஒரே மடக்கில் குடித்தார். தொண்டை எரிந்தது. துரை சிரித்துக்கொண்டே தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார்.